ஸ்பிட்ஃபயர்: பழைய மாணவன் ஒருவனுக்கு நீண்ட பதில்



போன வாரம் பேத்தி ஒட்டி முடித்த பொம்மை விமானத்தின் படத்தை இங்கே போட்டிருந்தேன். அதன் கீழே, எங்கள் பள்ளியில் 1996-ல் எட்டாம் வகுப்பு முடித்துப் போன ஒரு தம்பி (இப்போது கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான்) இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், அறிவியல் பாடம் நடத்தினாலும் சரி, வரலாறு நடத்தினாலும் சரி, எப்படியாவது இந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தைக் கொண்டு வந்துருவீங்க. இப்ப யோசிச்சா ஒரு சந்தேகம். அது நம்மளை ஆண்டவங்க விமானம்தானே? ஆளைக் கொல்றதுக்குன்னு செஞ்சதுதானே? அதை எதுக்கு டீச்சர் அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க?"

நல்ல கேள்வி. வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன். முப்பது வருடம் கழித்துக் கேட்டிருக்கிறான். அங்கேயே நாலு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. மூன்று நாளாகக் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதியது இது. நீளமாக இருக்கிறது என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். பாதியில் காபி குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

சூலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பாடம் நடக்கும்போது மேலே ஏதாவது பறந்தால் மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடும். உங்களை அதட்டி உட்கார வைத்துவிட்டு நானும் ஒரு கண் பார்ப்பேன். ஆனால் இந்தக் குறிப்பிட்ட விமானம் எனக்கு வானத்திலிருந்து வரவில்லை. எங்கள் அண்ணன் உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த ஆங்கிலப் போர்க் காமிக்ஸ் புத்தகத்திலிருந்து வந்தது. அப்போது எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. படத்தைப் பார்த்தேன். மற்ற விமானங்கள் எல்லாம் தச்சர் அறுத்துப் பொருத்திய பலகை மாதிரி இருக்கும். இது மட்டும் செடியில் முளைத்த மாதிரி இருந்தது. அதன் இறக்கை புங்க இலை வடிவம். பின்னாளில் வகுப்பில் இதைச் சொல்ல, பள்ளி வாசல் புங்கமரத்திலிருந்து இலை பறித்து வரச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா?

அந்த இறக்கை அழகுக்காக வைத்ததில்லை. விமானம் பறக்கும்போது இறக்கையின் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் இறக்கையின் நுனியில் என்ன ஆகும்? கீழே இருக்கும் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். அங்கே ஒரு சுழல் உண்டாகும். அந்தச் சுழல் விமானத்தைப் பின்னால் இழுக்கும். இறக்கையை நீள்வட்டமாக, நுனி நோக்கி மெல்லச் சுருங்கும்படி அமைத்தால் இந்த இழுவை மிகக் குறையும் என்பது கணக்கு. இது புத்தகக் காரணம். பட்டறைக் காரணம் இன்னொன்று. வேகம் வேண்டுமென்றால் இறக்கை மெலிதாக இருக்க வேண்டும். ஆனால் அதே இறக்கைக்குள் மடங்கும் சக்கரங்களும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அடங்க வேண்டும். நீள்வட்டம் என்றால் அடிப்பக்கம் அகலமாக நெடுந்தூரம் போகும், உள்ளே இடம் கிடைக்கும், தடிமனும் கூட்ட வேண்டியதில்லை. இந்த வடிவத்துக்கு முக்கியக் காரணமாக இருந்தவர் பெவர்லி ஷென்ஸ்டோன் என்ற கனடாக்காரர்.

தலைமை வடிவமைப்பாளர் ரெஜினால்ட் மிட்செல். அவர் கதையைத்தான் நான் உங்களுக்கு அதிகம் சொல்லியிருப்பேன். 1895-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பிறந்தவர். அப்பா தலைமை ஆசிரியர் (இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயரும் என்று நீங்கள் கேலி பேசியது எனக்குத் தெரியும்). பதினாறு வயதில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தொழில் பழகப் போனார். பகலில் பட்டறை, இரவில் மாலை வகுப்பு. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 1917-ல் சவுத்தாம்ப்டனில் சூப்பர்மரைன் என்ற கம்பெனியில் சேர்ந்து, இருபத்தைந்து வயது ஆகும் முன்பே தலைமை வடிவமைப்பாளர் ஆகிவிட்டார். அந்தக் கம்பெனி செய்தது கடலில் இறங்கும் விமானங்கள். ஷ்னைடர் கோப்பை என்று கடல் விமானங்களுக்கு ஒரு பந்தயம் இருந்தது. 1927, 1929 இரண்டிலும் அவருடைய விமானங்கள் ஜெயித்தன. 1931-ல் அரசாங்கம் பணம் தர மாட்டேன் என்று கைவிரித்தது. லேடி ஹூஸ்டன் என்ற பணக்கார அம்மாள் ஒரு லட்சம் பவுண்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வருடமும் ஜெயித்து, கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே வந்தது. அதே மாதத்தில் அந்த விமானம் மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டியது. 1931-ல்! நம் ஊரில் அப்போது கோயமுத்தூருக்கு மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம்.

இவ்வளவு கெட்டிக்காரர் முதலில் செய்த போர் விமானம் படுதோல்வி. 1934-ல் பறந்தது அது. சக்கரம் மடங்காது, இறக்கை தடிமன், வேகம் போதாது. விமானப்படை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று பெரிய அறுவை சிகிச்சை. வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டிவிட்டார்கள், ஆயுளுக்கும். நோய் திரும்ப வரலாம் என்று டாக்டர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் திரும்ப அலுவலகம் வந்தார். விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். தோற்றுப்போன வடிவத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். 1936 மார்ச் 5-ஆம் தேதி ஈஸ்ட்லீ விமானத் தளத்தில் புதிய விமானம் முதல்முறை மேலே ஏறியது. ஓட்டியவர் சம்மர்ஸ். பறந்தது சில நிமிடங்கள்தான். 1937 ஜூன் 11-ஆம் தேதி மிட்செல் இறந்துவிட்டார். வயது 42. தொழிற்சாலையில் செய்த முதல் விமானம் வெளியே வந்தது 1938-ல். அந்த மாதிரியில் கடைசியாக எண்ணிப் பார்த்தபோது 20,000-க்கும் மேல். அவர் பார்த்தது ஒன்றே ஒன்று.

அந்தப் பெயரும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். ஸ்பிட்ஃபயர் என்றால் ஆங்கிலத்தில் முணுக்கென்றால் சீறுகிற பெண். நம் பக்கத்தில் "பட்டாசு மாதிரி வெடிக்கிறா" என்போமே, அது. தாய்க் கம்பெனியின் தலைவர் தன் மகளைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவாராம். அதையே விமானத்துக்கும் வைத்துவிட்டார். மிட்செல் முட்டாள்தனமான பெயர் என்று முணுமுணுத்ததாகக் கதை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வெறும் எண்ணை மட்டும் வைத்திருந்தால் எட்டு வயதுப் பிள்ளைகள் அதை இன்றும் சொல்லிக்கொண்டு இருப்பார்களா?

இனி பட்டறைத் தம்பிக்காகவே எழுதுகிற பகுதி.

1940-ல் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்துவிட்டது. நடுவில் ஒரு சிறிய கடல்தான். படகில் ஆளை இறக்க வேண்டுமென்றால் முதலில் வானத்தைப் பிடிக்க வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த அந்த வான்போரைத்தான் பிரிட்டன் போர் என்று சொல்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் செய்கிற தொழிற்சாலை சவுத்தாம்ப்டனில் ஆற்றங்கரையில், மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிற இடத்தில் இருந்தது. செப்டம்பர் 24, 26 இரண்டு நாளும் குண்டு போட்டுத் தரைமட்டம் ஆக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் அதிசயம். பெரிய தொழிற்சாலையைத் திரும்பக் கட்டவில்லை. வேலையைப் பிரித்துச் சின்னச் சின்ன ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். சாலிஸ்பரி, ட்ரோபிரிட்ஜ், ரெடிங் என்று பல ஊர். கார் பழுது பார்க்கும் கொட்டகை, துணி வெளுக்கும் நிலையம், பஸ் டிப்போ, கிடைத்த இடத்திலெல்லாம். ஒரு ஊரில் இறக்கை, ஒரு ஊரில் உடல், ஒரு ஊரில் வால். எல்லாம் லாரியில் ஏற்றிப் பக்கத்து விமானத் தளத்துக்குப் போகும். அங்கே பூட்டிப் பறக்கவிட்டுப் பார்த்து அனுப்புவார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பள்ளி முடித்த பையன்கள். அதற்கு முன் ரிவெட் அடித்தே அறியாதவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாமல் ரகசியமாக நடந்த வேலை. சாலிஸ்பரியில் அவர்களுக்கு நினைவுச் சிலை வைத்தது 2021-ல்தான்.

தம்பி, பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் நம் ஊரில் பம்ப் எப்படிச் செய்கிறோம்? ஒருத்தர் வார்ப்பு, ஒருத்தர் கடைசல், ஒருத்தர் சுருள் கட்டுவது. வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கொட்டகை. நீ கடைந்து கொடுக்கிற புஷ் எந்தப் பம்பில் போய் உட்காருகிறது என்று உனக்கே தெரியாது. அதே முறையில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கோணல்மாணலான இறக்கையைச் செய்தார்கள் என்றால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வளைவு வளைவான அந்த இறக்கையைச் செய்வது சாதாரண வேலை இல்லை. ஆரம்பத்தில் அதைச் செய்ய முடியாமல் திணறி, வேறு விமானமே செய்யலாம் என்று பேச்சு வந்ததும் உண்டு.

பணம் திரட்டியதும் ஒரு பெரிய கதை. விமான உற்பத்தி மந்திரியாக இருந்த பீவர்புரூக் பிரபு பத்திரிகை முதலாளி. மக்கள் மனசு தெரிந்தவர். ஒரு ஸ்பிட்ஃபயர் 5,000 பவுண்டு என்று அறிவித்தார். உண்மையில் அதைவிடச் செலவு அதிகம், இருக்கட்டும். 5,000 கொடுக்கும் ஊரோ சங்கமோ சொல்லும் பெயரை விமானத்தின் பக்கவாட்டில் எழுதுவார்கள். அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு விலைப் பட்டியல் போட்டார்கள். இறக்கை 2,000 பவுண்டு, ரிவெட் ஆணி ஆறு பென்ஸ். பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கி ஆணி வாங்கினார்கள். வீட்டுப் பெண்கள் அலுமினியப் பாத்திரத்தை எடுத்து வந்து கொட்டினார்கள். அந்தப் பாத்திரத்தில் பெரும்பகுதி விமானத்துக்கு உதவவில்லை என்றும் சொல்வார்கள். ஆனாலும் வானத்தில் அது போகும்போது "நம்ம சட்டி போகுதுடி" என்று சொல்லிக்கொள்ள முடியுமே! அந்த விமானத்தின் மேல் அந்த நாட்டு மக்கள் வைத்த பாசத்துக்குப் பாதிக் காரணம் இது என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு ஆணி அதில் அவர்களுடையது.

சரி, "நம்மளை ஆண்டவங்க விமானம்தானே?" அதற்கு வருகிறேன்.

அந்தப் பணத்தில் நம் பணமும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் அணிக்கு முழுப்பெயர் என்ன தெரியுமா? 234 மெட்ராஸ் பிரசிடென்ஸி அணி. சென்னை மாகாணம் யுத்த நிதிக்குக் கொடுத்ததற்காக வைத்த பெயர். 1940 கோடையில் தெற்கு இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிச் சண்டை போட்ட அணி அது. அதன் சின்னம் நெருப்பைக் கக்கும் யாளி மாதிரி ஒரு பிராணி. குறிக்கோள் வாசகத்தின் பொருள், தீயையும் சாவையும் உமிழ்கிறோம் என்பது. ஹைதராபாத் பெயரிலும் ஒரு ஸ்பிட்ஃபயர் அணி, 152. அதன் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகை.

நம் கோயமுத்தூர் ஜில்லா அப்போது சென்னை மாகாணத்தில்தான். அந்த நிதிக்கு யார் கொடுத்திருப்பார்கள்? மில் முதலாளிகள், மிட்டா மிராசுகள், வக்கீல்கள். மனசாரக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று வைஸ்ராய் அறிவித்தார். அதை எதிர்த்து 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. அதற்குப் பிறகு கவர்னர் ஆட்சி. அந்தச் சமயத்தில் திரட்டிய பணம் இது. அங்கே சுதந்திரத்துக்காகச் சண்டை, இங்கே சுதந்திரம் கேட்டவர்களுக்கு ஜெயில். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் பசியால் செத்தார்கள். இவை எல்லாம் ஒரே காலம், ஒரே அரசாங்கம். வகுப்பில் நான் ஸ்பிட்ஃபயர் சொன்ன அதே வாரத்தில் வங்காளப் பஞ்சமும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு விமானம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பத்து வயதில் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் தம்பி, ஹிட்லர் அந்தக் கடலைத் தாண்டியிருந்தால் நமக்கு நல்லது நடந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நான்கு மாதம் அவனைத் தடுத்தது சரியான காரியம். தடுத்தவர்கள் நம்மை அடக்கி வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாடம்.

இன்னொன்றும் உண்டு. அந்த விமானம் பிறகு நம்முடையதும் ஆனது. போர்க் காலத்திலேயே இந்திய விமானப்படையின் அணிகளுக்கு ஸ்பிட்ஃபயர் வந்துவிட்டது. 1947 நவம்பரில் ஸ்ரீநகருக்கு வெளியே ஷாலடெங்கில் நடந்த சண்டையில் மேலிருந்து சுட்டது நம் ஸ்பிட்ஃபயர்கள். சுதந்திரம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதைவிட வினோதம் மேற்கு ஆசியாவில் நடந்தது. 1948, 49-ல் எகிப்திடமும் ஸ்பிட்ஃபயர், இஸ்ரேலிடமும் ஸ்பிட்ஃபயர், நடுவில் பிரிட்டனிடமும் ஸ்பிட்ஃபயர். மூவரும் ஒருவரை ஒருவர் அதே விமானத்தால் சுட்டுக்கொண்டார்கள்.

"ஆளைக் கொல்றதுக்குச் செஞ்சதுதானே?" ஆமாம். எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 தோட்டா. விடாமல் அழுத்தினால் பதினைந்து விநாடியில் தீர்ந்துவிடும். அந்தப் பதினைந்து விநாடிக்காகத்தான் இவ்வளவு கணக்கும் கைவேலையும். ஓட்டினவர்களில் பலர் இருபது வயதுப் பையன்கள். பெட்ரோல் தொட்டி ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு நேர் முன்னால். அது பற்றிக்கொண்டால் முகமும் கையும் போய்விடும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூஸிலாந்து டாக்டர் அப்படி எரிந்து வந்த விமானிகளுக்குப் புது முகம் வைத்துத் தைத்தார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். சோதனை எலிகள் சங்கம் என்று தங்களுக்குத் தாங்களே கேலிப் பெயர். அந்த ஊர் மக்கள் அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பழகினார்கள். அதைப் படிக்கிறபோது எனக்கு விமானத்தைவிட அந்த ஊர் பெரிதாகத் தெரிகிறது.

இந்த விமானத்தோடு வந்த மனிதர்களைத்தான் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. இரண்டு பேரை இங்கே மறுபடி சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் தெரியும்.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் ஒரு குறை. ஜெர்மன் விமானம் சட்டென்று மூக்கைக் கீழே குத்திப் பாயும். பின்னால் துரத்துகிற ஸ்பிட்ஃபயர் அதேபோல் குத்தினால் எஞ்சின் இருமி நின்று போகும். பஸ் வேகமாகப் பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு மேலே தூக்குகிறதல்லவா? அதேபோல் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். முதலில் எரிபொருள் கிடைக்காமல் திணறும், அடுத்து அளவுக்கு மீறிக் கொட்டி மூச்சு முட்டும். ஜெர்மன் எஞ்சினில் பெட்ரோலை நேராகப் பீச்சி அடிக்கும் ஏற்பாடு, அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்மவர்கள் (பாருங்கள், எழுதும்போது எனக்கே நம்மவர்கள் என்று வந்துவிட்டது!) விமானத்தைக் குப்புறப் புரட்டித்தான் கீழே பாய வேண்டும். அதற்குள் எதிரி போய்விடுவான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங். கசாப்புக் கடைக்காரர் மகள். பதினாலு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மான்செஸ்டரில் மின் பொறியியல் படித்துவிட்டு ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. புரூக்லேண்ட்ஸ் பந்தயச் சாலையில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியிருந்தார். அவர் செய்தது என்ன? நடுவில் சரியான அளவுத் துளை உள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு. எஞ்சினுக்கு உச்சபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ அதற்கு மேல் போகவிடாத துளை. வாஷர் மாதிரி ஒரு பொருள். எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை, பெட்ரோல் குழாயில் மாட்டினால் போதும். 1941-ல் சின்னக் குழுவோடு ஒவ்வொரு தளமாகப் போய் மாட்டிக் கொடுத்தார். முழுத் தீர்வு பின்னால் வந்தது. அதுவரை எத்தனை பையன்கள் உயிரை அந்த வாஷர் காப்பாற்றியதோ. தம்பி, ஒரு துளை, அதன் விட்டம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் தொழில்.

இன்னொருவர் மேரி எல்லிஸ். தொழிற்சாலையில் செய்த விமானங்களைப் போர்த் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க ஒரு துணை அமைப்பு இருந்தது. அதில் 168 பெண்கள். ரேடியோ கிடையாது, துப்பாக்கியில் தோட்டா கிடையாது. மேகத்துக்குக் கீழே ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். இன்று ஸ்பிட்ஃபயர், நாளை வேறு ஏதோ. ஒரு சின்னக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முன்பின் தொடாத விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மேரி மட்டும் ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் கொண்டு சேர்த்தார். அவற்றில் சுமார் 400 ஸ்பிட்ஃபயர். ஒரு முறை பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தனியாக ஓட்டி வந்து இறக்கினார். அங்கே இருந்தவர்கள் "விமானி எங்கே?" என்று கேட்டார்கள். நான்தான் என்றார். நம்பாமல் உள்ளே ஏறித் தேடிப் பார்த்தார்களாம். 1943 முதல் அந்தப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். 1944-ல் ஒரு ஸ்பிட்ஃபயரின் உள்ளே தன் பெயரை எழுதி வைத்தார் மேரி. பல வருடம் கழித்து அந்த விமானத்தில் அந்தக் கையெழுத்து அப்படியே இருந்தது. அவர் 101 வயது வரை இருந்து 2018-ல் காலமானார்.

உண்மையைச் சொன்னால், 1940-ல் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது ஸ்பிட்ஃபயர் இல்லை, ஹரிக்கேன். எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். பின்பாதி உடம்பு துணி போர்த்தியது. குண்டு பட்டால் ஒட்டுப்போட்டு மறுநாள் அனுப்பிவிடலாம். ஆனால் பார்க்கச் சுமார். வீட்டில் மாடு பிடித்துக் கட்டித் தண்ணீர் இறைக்கும் மூத்த பிள்ளையை யாரும் பேசுவதில்லை. கச்சேரியில் பாடும் இளையவனைத்தான் ஊர் பேசும். விழுந்த ஜெர்மன் விமானிகளே "என்னைச் சுட்டது ஸ்பிட்ஃபயர்" என்று சொல்லிக்கொள்வார்களாம், ஹரிக்கேன் என்று சொல்ல வெட்கப்பட்டு!

அந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பர்மாக் கதை. போர் முடிந்தபோது பெட்டி பெட்டியாகப் புது ஸ்பிட்ஃபயர்களை ரங்கூன் மிங்கலடான் விமான நிலையத்தில் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. இங்கிலாந்தின் ஒரு விவசாயி அதை நம்பிப் பல வருடம் அலைந்தார். 2012-ல் பிரதமர் கேமரன் பர்மா போனபோது அந்த நாட்டு அதிபரிடமே இதைப் பேசினார். 2013 ஜனவரியில் தோண்டினார்கள். ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை. புதைத்ததற்கான ஆதாரமும் இல்லை. வேறு எந்தப் பழைய இரும்புக்காக ஒரு பிரதமர் வாய் திறப்பார்? 2020 கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு மேலே ஒரு ஸ்பிட்ஃபயர் பறந்தது. அடியில் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஜனங்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். சுடுவதற்குச் செய்த விமானம் நர்ஸம்மாவுக்கு நன்றி சொல்லப் போனது.

மகள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்பிட்ஃபயர் கூரையிலிருந்து தொங்குகிறது, ஹரிக்கேனும்தான். அண்ணாந்து பார்த்தேன். காமிக்ஸில் பார்த்ததைவிடச் சின்னது. இறக்கையின் அடிப்பக்கத்தில் ரிவெட் வரிசையாகத் தெரிந்தது. எந்த அம்மா அடித்ததோ, எந்தப் பையன் அடித்ததோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மாப்பிள்ளை "அத்தை, கழுத்து வலிக்கப் போகுது" என்றார். வலித்தது, மூன்று நாள்.

கடைசியாக, நான் சொல்கிறேன் என்ற காரணம். என் பழைய மாணவர் ஒருவரின் மகள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். விமானப் பொறியியல் படிக்க ஆசை. "பொண்ணுக்கு எதுக்கு அது, பி.காம். போதும்" என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். குழந்தை எனக்குப் போன் பண்ணி அழுதாள். அப்பா இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர். கண்ணு, உன் பெயரை எழுதவில்லை, பயப்படாதே. அப்பாவுக்கு ஒரே வார்த்தை: சாமி, கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பேசலாம். நான் உங்களை ஏழாம் வகுப்பில் அடித்ததில்லை, இப்போதும் அடிக்க மாட்டேன். காபி உண்டு.

டெல்லியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நம் ஸ்பிட்ஃபயர் ஒன்று இருக்கிறது. யாராவது போனால் படம் எடுத்து அனுப்புங்கள். முன்னால் நின்று நீங்கள் சிரிக்கிற படம் வேண்டாம், இறக்கை முழுசாகத் தெரிகிற மாதிரி.